பக்கம் இரண்டு, முதல் பாட்டு

இசைப் பக்கம்: வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, பள்ளி நாட்களில் நான் உயிராகக் கேட்ட கேசட் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ஃபயர்' படப் பாடல்கள்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஓரம் தள்ளிவிட்டன. 1984-இல் வந்த ஒரு அமெரிக்க ராக் படத்தைப் பெங்களூருத் தமிழர்கள் இத்தனை பேர் நெஞ்சில் பொத்தி வைத்திருப்பது தெரிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. இளையராஜாவைப் பற்றியும் கர்நாடக சங்கீதத்தைப் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஐ கேன் ட்ரீம் அபௌட் யூ' பாட்டைக் கேசட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருப்பவன் நான். போன மாதம் என் மகன் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டான். பாட்டு அதேதான். ஆனால் குரல் வேறு. 'அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது' என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் நினைவுதான் பிசகுகிறதா?
(வாசகர், மல்லேஸ்வரம்)

உங்கள் காதும் சரி, நினைவும் சரி. சிரித்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

படத்தில் அந்தப் பாட்டைப் பாடுவது 'தி சோரெல்ஸ்' என்ற நால்வர் குழு. அப்படி ஒரு குழு நிஜத்தில் கிடையாது. ஸ்டோனி ஜாக்சன், ராபர்ட் டவுன்செண்ட், கிராண்ட் புஷ், மைகெல்டி வில்லியம்சன் என்று நான்கு நடிகர்கள். முன்னால் நின்று வாயசைப்பவர் ஸ்டோனி ஜாக்சன். அவருக்குப் பின்னணி பாடியவர் வின்ஸ்டன் ஃபோர்டு. ஆனால் இசைத்தட்டிலும் கேசட்டிலும் சேர்த்தது, பாட்டை எழுதிய டான் ஹார்ட்மன் தன் குரலிலேயே பாடிய வடிவத்தை. ரேடியோவில் ஓடியது அதுதான். அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 6-ஆம் இடம் வரை போனதும் அதுதான். ஆக, கேசட்டில் நீங்கள் காதலித்த குரல் படத்தில் எங்குமே இல்லை.

இந்த அதிர்ச்சி எனக்கும் உண்டு. கேசட் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் படத்தைப் பார்த்தோம். விசிஆர் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்கப் படம் ஓட்டுகிற காலம். வீட்டில் பெரியவர்கள் இரண்டு தமிழ்ப் படம் பார்த்து முடித்துத் தூங்கப் போன பிறகு, விடியும் நேரத்தில் எங்கள் முறை வந்தது. அந்தப் பாட்டு வரும் இடத்துக்காகவே அண்ணனும் நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருந்தோம். வந்தது. வாயைத் திறந்தால் யாரோ வேறு ஆள்! கேசட் கடைக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றே அண்ணன் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கிறேன். ஹார்ட்மன் குரலில் ஒரு பளபளப்பு இருக்கிறது. வரியின் முடிவை லேசாக விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவார். வின்ஸ்டன் ஃபோர்டு அப்படி விடமாட்டார். கடைசி வரை பிடித்து நிறுத்துவார், சர்ச்சில் பாடி வளர்ந்த சோல் பாடகர்களிடம் கேட்கும் கனம் அதில் இருக்கும். எனக்கு இன்றைக்குப் பிடித்தது ஃபோர்டு பாடியதுதான். ஆனால் பதினைந்து வயதில் மனதில் ஏறியது ஹார்ட்மன் பாடியது, அதை இறக்க முடியாது. ஹார்ட்மன் 1994-இல் நாற்பத்து மூன்று வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஜேம்ஸ் பிரவுன் பாடிய 'லிவிங் இன் அமெரிக்கா' பாட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 'ராக்கி 4' பார்த்திருந்தால் உடனே பிடித்துக்கொள்வான்.

கேள்வி: கதாநாயகி டயேன் லேன் அப்படிப் பாடுவார் என்று நினைத்தே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். அவர் பாடவில்லை என்று என் தோழி அடித்துச் சொல்கிறாள். யார்தான் பாடியது?
(வாசகி, ஜீவன்பீமா நகர்)

தோழி சொல்வது சரி. டயேன் லேனுக்குப் படம் எடுக்கும்போது பதினெட்டு வயது. வாயசைப்பை அவர் செய்த விதம் அபாரம். கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தால் அவரே பாடுகிறார் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

ஆல்பத்தில் 'நோவேர் ஃபாஸ்ட்', 'டுநைட் இஸ் வாட் இட் மீன்ஸ் டு பி யங்' என்ற இரண்டு பெரிய பாட்டுக்கும் பாடியவர் பெயராக இருப்பது 'ஃபயர் இன்க்.' அது ஒரு குழு போலத் தோன்றும். உண்மையில் இந்தப் படத்துக்காக ஸ்டூடியோவில் கூடிய பாடகர்களுக்கு வைத்த பெயர். அதில் முக்கியமான இரண்டு பெண்கள் லாரி சார்ஜென்ட், ஹாலி ஷெர்வுட். இருவர் குரலையும் சேர்த்துத்தான் கதாநாயகியின் குரலை உருவாக்கினார்கள். 'நோவேர் ஃபாஸ்ட்'டில் முன்னால் நிற்பது லாரி சார்ஜென்ட். 'டுநைட்'டில் முன்னால் நிற்பது ஹாலி ஷெர்வுட். லாரி சார்ஜென்ட் பாஸ்டன் நகரத்து 'ஃபேஸ் டு ஃபேஸ்' குழுவின் பாடகி. மேடையில் கதாநாயகிக்குப் பின்னால் வாசிக்கும் குழுவாகப் படத்தில் தெரிவது அந்த 'ஃபேஸ் டு ஃபேஸ்' ஆட்கள்தான். அதாவது குரல் கொடுத்தவரின் குழு திரையில் இருக்கிறது, அவர் நிற்க வேண்டிய இடத்தில் நடிகை நிற்கிறார். இதை அறிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. ஹாலி ஷெர்வுட்டும் லாரி சார்ஜென்ட்டும் யார் என்று கேட்டால் ராக் ரசிகர்களிலேயே பாதிப் பேர் விழிப்பார்கள். அது எனக்கு வருத்தம்தான்.

பின்னணி பாடுவது நமக்குப் புதிதா என்ன? சுசீலாம்மா குரலில் எத்தனை நாயகிகள் பாடியிருக்கிறார்கள். யார் பாடியது, யார் வாயசைத்தது, இரண்டும் நமக்கு ஒரே மூச்சில் தெரியும், இரண்டு பேரையும் கொண்டாடுவோம். இங்கேயும் ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1949-இல் 'மஹல்' இந்திப் படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' இசைத்தட்டு வந்தபோது பாடியவர் பெயர் என்ற இடத்தில் 'காமினி' என்று படத்தின் பாத்திரப் பெயரைத்தான் அச்சிட்டிருந்தார்கள். கேட்டவர்கள் விடவில்லை. பாடியது யார் என்று ரேடியோ நிலையத்துக்குக் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அதன் பிறகுதான் லதா மங்கேஷ்கர் பெயர் வெளியே வந்தது. நேயர்கள் கேட்டு வாங்கிக் கொடுத்த பெயர் அது. லாரி சார்ஜென்ட்டுக்கும் ஹாலி ஷெர்வுட்டுக்கும் அப்படி யாரும் கடிதம் போடவில்லை.

என் கேசட் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. அங்கே 1987-இல் காப்புரிமைச் சட்டம் வரும் வரை திருட்டுப் பதிவுக் கேசட்டுகள் தெருவெல்லாம் கிடைத்தன. இதுவும் அந்த ரகம்தான். உள்ளே சொருகிய அட்டையில் பாட்டின் பெயர்கள் மட்டும், அவையும் எழுத்துப் பிழையோடு. எழுதியவர், பாடியவர், வாசித்தவர் ஒருவர் பெயரும் கிடையாது. பிறகு கல்லூரித் தோழி ஒருத்தியின் வீட்டில், காக்ஸ் டவுனில், அசல் இசைத்தட்டைப் பார்த்தேன். ஆங்கிலோ இந்தியக் குடும்பம், அலமாரி நிறைய ரெக்கார்டு. 'ஃபயர் இன்க்.' என்ற பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்குள் இருந்த ஆட்களின் பெயர் தெரிய இன்டர்நெட் வர வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் பாடகர் பெயர்களை இத்தனை முறை எழுதுகிறேன்.

கேள்வி: 'டுநைட்' பாட்டில் அப்படி என்ன இருக்கிறது? என் கணவர் அதைப் போட்டால் வீட்டில் வேறு வேலை நடக்காது. எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது.
(வாசகி, கம்மனஹள்ளி)

சத்தம்தான், அம்மா. ஆனால் எவ்வளவு யோசித்துக் கட்டிய சத்தம் என்று பாருங்கள்.

எழுதியவர் ஜிம் ஸ்டைன்மன். மீட் லோஃப் பாடிய 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பத்தின் பாட்டெல்லாம் அவருடையது, 1977. போனி டைலர் பாடிய 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்' அவருடையது, 1983. இது அதற்கு அடுத்த வருஷம். அவருக்குச் சின்னதாக எதுவும் எழுத வராது. மூன்று நிமிஷத்தில் முடிக்கிற பாப் பாட்டு உலகத்தில் இவர் ஏழு நிமிஷம் எடுத்துக்கொள்வார். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பெராவை, அதாவது பிரம்மாண்டமான இசை நாடகத்தை, ராக்குக்குள் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள்.

பாட்டைத் தேர் இழுப்பு மாதிரி கேளுங்கள். முதலில் நிலையில் நிற்கிற கனம் தெரியும். ஒற்றைப் பெண் குரல் தன் கனவைச் சொல்கிறது. பின்னால் குரல்கள் ஒவ்வொன்றாக வடம் பிடிக்கின்றன. பல்லவி வரும்போது சக்கரம் உருளத் தொடங்கிவிடும், அதற்கு மேல் யாராலும் நிறுத்த முடியாது. கூட்டுக் குரலும் தனிக் குரலும் மாறி மாறி ஒன்றையொன்று தள்ளுகின்றன. 'டோட்டல் எக்லிப்ஸ்' பாட்டில் 'திரும்பிப் பார்' என்று திரும்பத் திரும்பக் கெஞ்சும் ஆண் குரல் நினைவிருக்கிறதா? அந்த ரோரி டாட் இங்கேயும் இருக்கிறார். பாட்டு சொல்லும் விஷயம் ஒன்றே ஒன்று: இளமை என்பது இந்த ஒரு ராத்திரி, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதை நிதானமாகச் சொன்னால் தத்துவமாகிவிடும். பாடுகிறவளுக்கோ விடிவதற்குள் சொல்லி முடிக்க வேண்டிய அவசரம், அதனால் அது சத்தமாகத்தான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேசட்டில் இந்தப் பாட்டு இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு. கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பட்டனை அமுக்கியதும் வெடிக்கும். படம் பார்க்காமல் ஒரு வருஷம் கேட்டதில், எங்களுக்கு அது ஒரு கொண்டாட்டத்தின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை முடிந்த நாள், அண்ணனுக்கு வேலை கிடைத்த நாள், எல்லாவற்றுக்கும் அதுதான் பாட்டு. படத்தில் பார்த்தால் அது கடைசிப் பாட்டு. ரௌடிக் கும்பலிடமிருந்து கதாநாயகியை மீட்டுக் கொண்டுவந்த பழைய காதலன், அவள் மேடையில் இதைப் பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தை விட்டு நழுவிப் போய்விடுகிறான். அவள் வாழ்க்கை மேடையில், தன் வாழ்க்கை ரோட்டில் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தே பாடுகிறாள்.

அண்ணனும் நானும் டிவி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு வருஷமாகக் கொண்டாட்டம் என்று நினைத்துக் கேட்ட பாட்டு ஒரு பிரிவுப் பாட்டாக இருந்தது. இன்றைக்கும் எனக்கு அது இரண்டுமாகத்தான் கேட்கிறது. படத்தை முதலில் பார்த்தவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது என்பது என் கட்சி.

உங்கள் கணவரிடம் ஒரு தகவல் சொல்லுங்கள். அந்த இடத்தில் முதலில் வருவதாக இருந்தது இந்தப் பாட்டு அல்ல. படத்தின் பெயரே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1978-இல் வெளியிட்ட ஒரு பாட்டின் பெயர். அந்தப் பாட்டையே முடிவில் வைக்கத் திட்டம். அது கைகூடாமல் போனதால் ஸ்டைன்மன் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. கணவருக்கு இது தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் சொன்னால் சந்தோஷப்படுவார்.

கேள்வி: பாட்டு சரி. படம் எப்படி? பார்க்கலாமா?
(வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி)

பாருங்கள், ஆனால் கதையை எதிர்பார்க்காதீர்கள். பாடகியை ரௌடிகள் கடத்துகிறார்கள், பழைய காதலன் வந்து மீட்கிறான், அவ்வளவுதான். 1988-இல் வந்த 'தேசாப்' இந்திப் படம் பார்த்தவர்களுக்கு இந்த முடிச்சு பழக்கமாக இருக்கும். இயக்குநர் வால்டர் ஹில் இதை 'ராக் அண்ட் ரோல் கட்டுக்கதை' என்று முதல் சட்டகத்திலேயே எழுதிப் போட்டுவிடுகிறார். காரெல்லாம் 1950-களின் கார், இசை 1980-களின் இசை, ஊர் எந்த ஊர் என்றே தெரியாது. படத்தில் முக்கால்வாசி ராத்திரி. அந்த ராத்திரியை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? ஸ்டூடியோவில் போட்ட தெரு செட்டுக்கு மேலே ஒரு பிரம்மாண்டமான தார்ப்பாயை இழுத்துக் கட்டி, பட்டப்பகலில் எடுத்தார்கள். நியான் விளக்கும் ஈரத் தெருவுமாக அந்த நிறத்துக்காகவே பார்க்கலாம். வில்லன் வில்லம் டஃபோவின் முகத்துக்காகவும் பார்க்கலாம்.

ஏறக்குறைய 1.45 கோடி டாலர் போட்டு எடுத்த படம், அமெரிக்காவில் 80 லட்சம் டாலர் அளவுக்குத்தான் வசூலித்தது. மூன்று படங்களாக எடுக்கப் போட்ட திட்டம் அதோடு முடிந்தது. பாட்டுகள் தப்பித்தன.

கேள்வி: அல்சூரில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் ராக் கேட்க எப்படி வீட்டில் விட்டார்கள்? எங்கள் வீட்டில் ஆங்கிலப் பாட்டு என்றாலே அடி விழும்.
(வாசகி, ஸ்ரீராமபுரம்)

எங்கள் தெருவில் இரண்டு உலகமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. லாவண்யாவில் தமிழ்ப் படம், லிடோவில் ஆங்கிலப் படம். கொஞ்சம் நடந்தால் எம்.ஜி. ரோட்டில் பிளாசா, பிரிகேட் ரோட்டில் ரெக்ஸ். சோமேஸ்வரர் கோயில் உற்சவமும் கேட்கும், கன்டோன்மென்ட் பக்கத்து வீடுகளில் கிடார் பழகுவதும் கேட்கும். அப்பாவுக்கு எச்.ஏ.எல்.லில் வேலை. ஷிப்டு முடிந்து வந்தால் அவருக்குத் தூக்கம்தான் முக்கியம். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று, சத்தம் அறைக் கதவைத் தாண்டக்கூடாது.

வீட்டில் ஒரே ஒரு நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்தது. காலையில் அம்மாவுக்கு. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் முடிந்தால்தான் காபியே வரும். மத்தியானம் இலங்கை வானொலி. சாயங்காலம் எங்கள் முறை. அம்மா அரிசி களைந்துகொண்டே 'டுநைட்' பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு நாள் கேட்டார்: "இந்தப் பொண்ணு யாரைடி இப்படிக் கூப்பிடறா? அவன் வந்தானா இல்லையா?" படத்தைப் பார்க்காமல், வரி புரியாமல், அம்மா சரியாகப் பிடித்துவிட்டார். படம் பார்த்த பிறகு நான் போய்ச் சொன்னேன், "வந்தான்மா, ஆனா போயிட்டான்" என்று. "நெனச்சேன்" என்றார்.

'ஐ கேன் ட்ரீம் அபௌட் யூ' அம்மாவுக்கே பிடித்துப் போனது. அதன் மெட்டை அவர் முணுமுணுத்தபடி பூ கட்டுவார், வார்த்தையெல்லாம் அவருடைய வார்த்தை. பிறகு இந்த ஊர் ராக் ஊராகவே பெயர் வாங்கியது. 2002-இல் ரோஜர் வாட்டர்ஸ், 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-இல் அயர்ன் மெய்டன் என்று அரண்மனை மைதானத்தில் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குப் பதினைந்து, இருபது வருஷம் முன்னாலேயே அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் மர்ஃபி டவுனிலும் சாதாரண வீடுகளில் கேசட்டுக்குக் கேசட் பதிவு செய்து கைமாற்றிக் கேட்ட பிள்ளைகள் இருந்தார்கள். பிளாசா இருந்த இடத்தில் இன்றைக்கு எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையம். ரெக்ஸ் 2018 கடைசியில் மூடிவிட்டது. கேசட்டுகள் மட்டும் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று உங்கள் கடிதங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

கேள்வி: பரணிலிருந்து பழைய கேசட் கிடைத்தது. போட்டால் குரல் அமுங்கிக் கேட்கிறது, சில இடத்தில் சத்தமே இல்லை. காப்பாற்ற முடியுமா? எங்கள் அக்கா கைப்பட எழுதிய அட்டை அதில் இருக்கிறது, அதனால்தான்.
(வாசகர், ஆஸ்டின் டவுன்)

பெரும்பாலும் முடியும். முதலில், கீழே சொல்வதையெல்லாம் பார்த்து முடிக்கும் வரை அதை எந்த பிளேயரிலும் போடாதீர்கள். பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் படிந்தது போலத் தெரிந்தால் அது பூஞ்சை. பெங்களூர் மழைக்காலத்துக்கு இது சகஜம். அப்படி இருந்தால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பூஞ்சை இல்லை என்றால், கேசட்டின் திறந்த பக்கத்தில் நடுவே பாருங்கள். மெல்லிய செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்க வேண்டும். டேப்பை பிளேயரின் ஹெட்டோடு, அதாவது டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதியோடு, அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். விழுந்தால் நீங்கள் சொன்ன மாதிரிதான் கேட்கும், அமுங்கியும் விட்டு விட்டும். ஐந்து திருகாணி போட்ட கேசட் என்றால் திறந்து, வேறொரு பழைய கேசட்டிலிருந்து அந்தத் துண்டைத் தகட்டோடு எடுத்து மாற்றிவிடலாம். திருகாணி இல்லாமல் ஒட்டிய கேசட் என்றால், ஓரத்தை மெல்ல நெம்பிப் பிளந்து இரண்டு சுருளையும் அப்படியே வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். பொறுமை வேண்டும், மேஜை சுத்தமாக இருக்க வேண்டும், ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வருஷக்கணக்கில் ஒரே நிலையில் இருந்த சுருள் ஒட்டிக்கொண்டிருக்கும். பென்சிலைச் சொருகிக் கையால் சுற்றுவதே பாதுகாப்பு. பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்யாமல் எந்தக் கேசட்டையும் போடாதீர்கள். ஹெட்டுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

இதற்குப் பிறகும் குரல் மந்தமாகக் கேட்டால், ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை என்று அர்த்தம். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மயிரிழை திருப்பிப் பாருங்கள். ஒரு இடத்தில் திடீரென்று டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒலி பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். கடைகளில் அவசரமாகப் பதிவு செய்கிறவர்கள் இதைச் செய்வதில்லை. பாதிக் கேசட்டுகள் 'போய்விட்டது' என்று குப்பைக்குப் போவது இதனால்தான்.

கடைசியாக, நன்றாக ஓடும் அந்த முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள். ஹெட்போன் துளையைவிட லைன்-அவுட் துளை நல்லது. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலை நீக்கும் கருவியை மூலக் கோப்பில் கை வைக்க விடாதீர்கள், நகல் எடுத்து அதில் செய்யுங்கள். அக்காவின் கையெழுத்து அட்டையையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். பாட்டுகளை வேறு எங்கும் கேட்டுக்கொள்ளலாம், அந்த அட்டை அந்த ஒன்றுதான்.

கேள்வி: எனக்கு வயது பத்தொன்பது. கேசட் பார்த்ததில்லை. உங்கள் தலைமுறைக்கு இது பழைய ஞாபகம். ஞாபகம் எதுவும் இல்லாத எனக்கு இந்த ஆல்பத்தில் என்ன இருக்கிறது?
(கல்லூரி மாணவி, பனசங்கரி)

நல்ல கேள்வி. எங்கள் கடிதப் போக்குவரத்துக்கு நடுவே யாராவது இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆல்பத்தில் பத்துப் பாட்டு. பத்தும் தேறாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'கவுண்ட்டவுன் டு லவ்' இனிமையாகப் போகும், மனதில் நிற்காது. தி ஃபிக்ஸ் குழுவின் 'டீப்பர் அண்ட் டீப்பர்' அந்த வருஷத்துச் சிந்தசைசர் ஒலியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்டைன்மன் பாட்டு இரண்டையும் முதலில் கேளுங்கள், நல்ல ஹெட்போனில், முழு நீளமும். பிடிக்கவில்லை என்றால் தப்பே இல்லை, அது எல்லோருக்கும் ஏற்ற அளவு உணர்ச்சி கிடையாது.

பிறகு 'சோர்சரர்' கேளுங்கள். எழுதியவர் ஸ்டீவி நிக்ஸ், இங்கே பாடியிருப்பவர் மேரிலின் மார்ட்டின். 2001-இல் ஸ்டீவி நிக்ஸே தன் ஆல்பத்தில் அதைப் பாடினார். இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு பாட்டை எழுதியவர் எங்கே மூச்சு விடுவார், பாடிக் கொடுத்தவர் எங்கே விடுவார் என்று தெரியும். 'நெவர் பி யூ' டாம் பெட்டியும் பென்மான்ட் டென்ச்சும் எழுதியது, ஆல்பத்தில் மரியா மெக்கீ பாடியிருக்கிறார். அதையே ரோசான் கேஷ் பாடி, அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இந்த இரண்டு பாட்டுக்கும் படத்தில் கேட்கும் குரல் லாரி சார்ஜென்ட்டுடையது, அதையும் தேடிக் கேளுங்கள். 'நோவேர் ஃபாஸ்ட்'டை மீட் லோஃபும் அதே 1984-இல் பாடினார், வரிகளைக் கொஞ்சம் மாற்றி. ஒரே ஆல்பத்திலிருந்து இப்படிக் கிளை பிரிந்து போய்க்கொண்டே இருக்கலாம். எனக்கு ஞாபகம் என்றால் உங்களுக்கு இது துப்பறியும் வேலை. அதில் இருக்கிற ருசி எனக்கு அந்த வயதில் கிடைக்கவில்லை, அட்டையில் ஒரு பெயரும் இல்லாததால்.

ஒரு கிளை நம் ஊருக்கே வருகிறது. படத்தின் பின்னணி இசையும், ஆல்பத்தில் 'ஹோல்ட் தட் ஸ்னேக்' பாட்டும் ரை கூடருடையது. கிடாரில் உலோகக் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு பாணியில் பெரிய கை. அவர் 1990-களின் தொடக்கத்தில் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டோடு உட்கார்ந்து வாசித்த ஆல்பம் 'எ மீட்டிங் பை தி ரிவர்'. 1994-இல் கிராமி வாங்கியது. ரௌடிக் கும்பல் மோட்டார் சைக்கிளில் வரும்போது படத்தில் உறுமுகிற அதே விரல்கள், இங்கே ஒரு இந்துஸ்தானிக் கலைஞரின் எதிரில் அமர்ந்து எவ்வளவு பணிவாகப் பதில் சொல்கின்றன என்று கேளுங்கள். நாலே நாலு உருப்படிதான். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதத்தோடு தொடங்குகிறேன்.